சென்ஸ் அறிவிப்புக்கு முன்பே விலை ஓடிவிடுகிறது: கசிவா, சந்தையின் கெட்டிக்காரத்தனமா?

டர்பன்காரன்:

வணக்கம். ஜேஎஸ்இயில் (ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தை) சிறிய, நடுத்தர நிறுவனப் பங்குகளைக் கவனிக்கிறவர்களிடம் ஒரு விளக்கம் வேண்டும்.

ஒரு உற்பத்தி நிறுவனம், பெயர் வேண்டாம். பிட் (வாங்குபவர் தரும் விலை) 1,180 சென்ட், ஆஃபர் (விற்பவர் கேட்கும் விலை) 1,220 சென்ட். நாளுக்குச் சராசரியாக 60,000 பங்குகள் கைமாறும். டிரேடிங் ஸ்டேட்மென்ட் (லாபம் பெரிதாக மாறப்போகிறது என்ற முன்னறிவிப்பு) வருவதற்கு முந்தைய எட்டு வர்த்தக நாட்களில் விலை 9 சதவீதம் ஏறியது. பங்குவருவாய் (ஒரு பங்குக்கான லாபம்) 30 முதல் 40 சதவீதம் கூடும் என்று சென்ஸில் (ஜேஎஸ்இயின் நிறுவன அறிவிப்புச் சேவை) வந்த அன்று வெறும் 1 சதவீதம்தான் நகர்ந்தது. நல்ல செய்தியின் சாறை யாரோ முன்பே பிழிந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இது இன்சைடர் டிரேடிங்தானா, அதாவது உள்விஷயம் தெரிந்தவர் செய்த வர்த்தகமா? பெரிய வங்கிப் பங்குகளில் ஸ்பிரெட் (பிட், ஆஃபர் இடைவெளி) கண்ணுக்கே தெரியாதபோது இதில் மட்டும் ஏன் 3.3 சதவீதம்? உள்விஷயம் எதுவும் தெரியாத சாதாரண முதலீட்டாளர் இந்த மாதிரிப் பங்கில் எப்படி ஆர்டர் போட்டால் அடி குறையும்? தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நல்லது.

லாம்டா:

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றவை அதற்குப் பின்னால் தானாக வரும்.

ஸ்பிரெட்டைப் பலரும் தரகுக்கூலி என்று நினைக்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் சிறிய பங்குகளில் அதன் பெரும்பகுதி சந்தேகத்துக்கான விலை. ஆஃபர் வைத்துக் காத்திருப்பவருக்கு எதிரே வாங்க வருவது யாரென்று தெரியாது. மாதச் சம்பளத்தில் மிஞ்சியதைப் போடுகிறவரா, அடுத்த வாரம் என்ன அறிவிப்பு என்று அறிந்தவரா? சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒருவர் பேரமே பேசாமல் கூடை முழுவதையும் கேட்டால், கடைக்காரர் அடுத்த கூடைக்கு விலையை ஏற்றித்தானே சொல்வார்.

கிளாஸ்டன், மில்குரோம் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1985இல் இதை ஒரு சின்னக் கணக்காக்கினார்கள். பங்கின் உண்மை மதிப்பு 90 ரான்ட் அல்லது 110 ரான்ட், இரண்டுக்கும் சம வாய்ப்பு. வருகிறவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு உண்மை தெரியும். மிச்ச 80 பேர் பணத்தேவைக்காகவோ சேமிப்புக்காகவோ வருகிறவர்கள். பாதி வாங்குவார்கள், பாதி விற்பார்கள். மதிப்பு 110 என்றால் அடுத்த ஆர்டர் வாங்கும் ஆர்டராக இருக்க வாய்ப்பு 60 சதவீதம் (தெரிந்த 20, தெரியாத 40). மதிப்பு 90 என்றால் 40 சதவீதம். ஆகவே ஒருவர் வாங்க வந்துவிட்டார் என்பதே ஒரு செய்தி: மதிப்பு 110ஆக இருக்க வாய்ப்பு 50இலிருந்து 60 சதவீதமாகிறது. விற்பவர் நட்டப்படாமல் இருக்க ஆஃபரை 102 ரான்டில் வைக்க வேண்டும். இதே கணக்கில் பிட் 98. ஸ்பிரெட் 4 ரான்ட். இதில் கூலியும் இல்லை, லாபமும் இல்லை. தெரிந்தவரிடம் இழப்பதைத் தெரியாதவரிடம் வசூலிப்பது மட்டும்தான்.

சுருக்கமான சூத்திரம்: தெரிந்தவர்களின் பங்கு × மதிப்பு ஊசலாடும் அகலம். மேலே 0.2 × 20 = 4. பெரிய வங்கியைப் பல ஆய்வாளர்கள் மொய்க்கிறார்கள், ஓய்வூதிய நிதிகளும் இன்டெக்ஸ் நிதிகளும் நாள் முழுக்க வாங்கி விற்கின்றன. இரண்டு எண்ணும் சிறியவை. உங்கள் உற்பத்தி நிறுவனத்தை ஒருவரும் ஆராய்வதில்லை, வருகிற ஆர்டரும் குறைவு, இரண்டும் பெரியவை. 3.3 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் பங்கில் சந்தேகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நீங்களே பிரிக்கலாம். ஒருவர் 1,220இல் வாங்குகிறார். அந்த நேரத்து நடுவிலை (பிட், ஆஃபரின் சராசரி) 1,200. ஐந்து நிமிடம் கழித்து நடுவிலையைப் பாருங்கள். 1,212 ஆகியிருந்தால், கொடுத்த 20 சென்ட் அரை ஸ்பிரெட்டில் 12 சென்ட் தெரிந்தவரிடம் போனது, 8 சென்ட்தான் ஆஃபர் வைத்தவருக்கு மிச்சம். ஐம்பது நூறு வர்த்தகங்களுக்கு இதைச் செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒன்றிரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மெல்லிய (வர்த்தகம் குறைந்த) பங்கில் ஐந்து நிமிடத்தில் எதுவும் நடக்காது என்பதால் முப்பது நிமிடமாக நீட்டுவது நல்லது.

அடுத்து, விலை ஏன் எட்டு நாளில் மெல்ல ஏறியது? கைல் என்பவரின் 1985 மாதிரியில் பதில் இருக்கிறது. ஆரம்ப விலை 100 ரான்ட், மதிப்பின் நிலையின்மை (திட்டவிலக்கம்) 10 ரான்ட், தகவல் இல்லாதவர்களின் நிகர ஆர்டர் ஊசலாட்டம் 20,000 பங்கு என்று வையுங்கள். லாம்டா, அதாவது ஒரு பங்கு நிகர வாங்கலுக்கு விலை எவ்வளவு நகர்கிறது என்பது, அரை × 10 ÷ 20,000 = 0.00025 ரான்ட். மதிப்பு 110 என்று ஒருவருக்குத் தெரிந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளமாட்டார். 20,000 பங்கோடு நிறுத்திக்கொள்வார். அவர் வாங்குவதாலேயே விலை சராசரியாக 105க்குப் போகும். எதிர்பார்க்கும் லாபம் 5 × 20,000 = 1 லட்சம் ரான்ட். இன்னும் வாங்கினால் தன் விலையைத் தானே கெடுத்துக்கொள்வார்.

ஒரே சுற்றில் இரகசியத்தின் சரிபாதிதான் விலைக்கு வருகிறது. பல சுற்றுகள் கிடைத்தால் அவர் சிறுசிறு துண்டாக, மற்றவர்களின் ஆர்டர் கூட்டத்தில் ஒளிந்து வாங்குவார். அறிவிப்பு நெருங்கும்போது விலை கிட்டத்தட்ட உண்மையைத் தொட்டிருக்கும். அதே விஷயம் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்தால் கதை வேறு. ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள், விலை ஒரே நாளில் பாயும்.

ஆவணக்காரி:

லாம்டா அண்ணா சொன்ன "தெரிந்தவர்" என்ற சொல்லுக்குள் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். விலையின் பார்வையில் இருவரும் ஒன்று. சட்டத்தின் பார்வையில் ஒருவர் உழைப்பாளி, மற்றவர் குற்றவாளி.

தென்னாப்பிரிக்காவில் இதற்கான சட்டம் 2012ஆம் ஆண்டின் 19ஆம் எண் நிதிச் சந்தைகள் சட்டம். 77ஆம் பிரிவின்படி உள்தகவல் ஆவதற்கு நான்கும் சேர வேண்டும்: திட்டவட்டமாக இருக்க வேண்டும், பொதுவில் வெளியாகாமல் இருக்க வேண்டும், உள்ளாள் என்ற நிலையில் கிடைத்திருக்க வேண்டும், வெளியானால் விலையைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளாள் என்றால் இயக்குநர் மட்டுமில்லை. ஊழியர், பங்குதாரர், வேலை அல்லது தொழில் காரணமாகத் தகவலை அணுகக்கூடிய ஆடிட்டர், வக்கீல், அச்சகக்காரர் எல்லாரும் அடக்கம். அவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தே வாங்கிக்கொண்டவரும் உள்ளாள்தான். கல்யாண மண்டபத்தில் மச்சான் காதோடு சொன்னார், மச்சானுக்கு அவர் முதலாளி சொன்னார் என்பது தப்பிக்கும் வழி இல்லை.

78ஆம் பிரிவு தடுப்பவை: தனக்காக வாங்கி விற்பது, பிறருக்காகச் செய்வது, தகவலை வெளியே சொல்வது, தகவலைச் சொல்லாமலே "வாங்கு" அல்லது "இப்போது வாங்காதே" என்று தூண்டுவது. கடைசியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

79ஆம் பிரிவு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முக்கியம். உழைத்தோ உற்றுக் கவனித்தோ நிபுணத்துவத்தாலோ மட்டும் பெறக்கூடியது, கட்டணம் கட்டியவருக்கு மட்டும் கிடைப்பது, வெளிநாட்டில் மட்டும் வெளியானது, இவற்றையும் பொதுத்தகவல் என்று கருதலாம். டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் வரிசையில் நிற்கும் லாரிகளைத் தினமும் எண்ணி, ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் விற்பனை சரிகிறது என்று ஊகித்து விற்றால் தவறில்லை. அதே நிறுவனத்தின் சரக்குப் பதிவேட்டை அங்கே வேலை செய்பவர் காட்டி, அதை வைத்து விற்றால் குற்றம். முடிவும் லாபமும் ஒன்றாக இருக்கலாம். தகவல் வந்த வழிதான் வேறு.

தண்டனை இரண்டு பாதை. கிரிமினல் என்றால் 50 மில்லியன் ரான்ட் வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 82ஆம் பிரிவின் கீழ் எஃப்எஸ்சிஏ (நிதித்துறை நடத்தை ஆணையம்) போகும் பாதையில் சம்பாதித்த லாபமோ தவிர்த்த நட்டமோ முழுவதும், அதற்கு மேல் அதன் மூன்று மடங்கோடு 1 மில்லியன் ரான்ட் (பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்தப்படும்) வரை சேர்த்து, வட்டி, செலவு. நடைமுறையில் இந்த இரண்டாம் பாதைதான் அதிகம், ஏனென்றால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பாரம் அங்கே இல்லை.

அப்படியும் சுலபம் இல்லை. கணக்கு மோசடியில் சிக்கிய ஸ்டைன்ஹாஃப் என்ற சில்லறை விற்பனைக் குழுமத்தின் பங்கு 2017 டிசம்பர் 6 அன்று ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 30 அன்று, அதன் அன்றைய தலைமை நிர்வாகி மார்கஸ் யூஸ்டே நான்கு பேருக்கு விற்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக எஃப்எஸ்சிஏ 2020 அக்டோபரில் அவருக்கு 161 மில்லியன் ரான்டுக்கு மேல் அபராதம் விதித்தது. தீர்ப்பாயம் அதை ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2022இல் அது 20 மில்லியன் ஆனது. குறுஞ்செய்தி கையில் இருக்கும் வழக்கிலேயே இந்த நிலை என்றால், விலை வரைபடத்தை மட்டும் காட்டி யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது, டர்பன்காரன்.

எண்ணும்எழுத்தும்:

முதல் கேள்விக்கு வரைபடத்தை வைத்தே பார்த்துவிடலாம். 9 சதவீதம் என்பது உண்மையில் எவ்வளவு?

அந்த 9 சதவீதம் எதிலிருந்து எடுத்தது? கடைசி வர்த்தக விலையிலிருந்து என்றால் முதலில் அதை மாற்றுங்கள். தொடக்க நாளில் கடைசி வர்த்தகம் பிட்டில், 1,180இல் நடந்து, முடிவு நாளில் ஆஃபரில், 1,220இல் நடந்தால், எந்தச் செய்தியும் இல்லாமல் 3.4 சதவீதம் "ஏறியிருக்கும்". நாள் முடிவின் பிட், ஆஃபர் நடுவிலையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

பிறகு சந்தையின் பங்கைக் கழியுங்கள். அந்த எட்டு நாளில் ஆல் ஷேர் இன்டெக்ஸ் 3 சதவீதம் ஏறி, பங்கின் பீட்டா (சந்தை 1 சதவீதம் நகர்ந்தால் பங்கு நகரும் அளவு) 0.8 என்றால் 2.4 சதவீதம் சந்தையுடையது. மிச்சம் 6.6. இதில் ஒரு பொறி உண்டு. மெல்லிய பங்கு சந்தையைத் தொடர ஒன்றிரண்டு நாள் தாமதமாகும், அதனால் அன்றைய நாளின் இன்டெக்ஸை மட்டும் வைத்தால் பீட்டா குறைவாகத் தெரியும். முந்தைய நாள், மறுநாள் இன்டெக்ஸ் நகர்வையும் சேர்த்துக் கூட்டி எடுங்கள்.

கடைசியாக, சாதாரண ஊசலாட்டம். சந்தையைக் கழித்த பின் இந்தப் பங்கு நாளுக்கு 2 சதவீதம் ஊசலாடும் என்றால், எட்டு நாளுக்கு 2 × √8 = 5.7 சதவீதம். 6.6 சதவீதம் என்பது ஒன்றேகால் திட்டவிலக்கம்கூட இல்லை. எட்டு நாள் ஜன்னல்களில் எட்டில் ஒன்றாவது காரணமே இல்லாமல் இவ்வளவு ஏறும். இரண்டு திட்டவிலக்கம், அதாவது இங்கே 11.4 சதவீதம் தாண்டியிருந்தால் புருவத்தை உயர்த்தலாம்.

இது தவிர, அதே துறையில் இன்னொரு நிறுவனம் முன்னதாக நல்ல கணக்கு வெளியிட்டதா, ரான்ட் சரிந்து ஏற்றுமதி லாபம் கூடும் நிலை வந்ததா என்று பாருங்கள். டிரேடிங் ஸ்டேட்மென்ட் விதியும் நினைவிருக்கட்டும்: முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதமாவது வித்தியாசம் இருக்கும் என்று ஓரளவு நிச்சயமானவுடன் சொல்லியாக வேண்டும். ஒப்பிடுவது போன ஆண்டோடு, சந்தையின் எதிர்பார்ப்போடு இல்லை. எல்லாரும் 35 சதவீதம் எதிர்பார்த்திருந்தால் "30 முதல் 40" என்பது செய்தியே இல்லை. 1 சதவீத நகர்வு நியாயமானது. "20 சதவீதத்துக்கு மேல்" என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணைப் பின்னால் தரும் அறிவிப்புகள்தான் ஆபத்தானவை, அதற்கும் இரண்டாம் அறிவிப்புக்கும் இடையில்தான் ஊகம் கொழிக்கும். அடிப்படை பங்குவருவாய், ஹெட்லைன் பங்குவருவாய் இரண்டும் இருந்தால் ஹெட்லைனைப் பாருங்கள். தொழிற்சாலை விற்ற லாபம், சொத்து மதிப்புக் குறைப்பு எல்லாம் அதில் கழிந்திருக்கும்.

கசிவைத் தேடுவதென்றால் விலையைவிட அளவு நல்ல சாட்சி. 60,000 கைமாறும் பங்கில் மூன்று நாள் தொடர்ந்து 2 லட்சம், அதுவும் ஆஃபரில் அடித்து வாங்கியவை என்றால் அது பேசவேண்டிய விஷயம். வழக்கமான அளவில் நடந்த ஏற்றம் பெரும்பாலும் ஆஃபர் வைத்தவர்கள் தாங்களாகவே விலகியதால் வருவது.

டர்பன்காரன்:

எட்டில் ஒன்று என்ற கணக்கு நல்ல சூடு. நன்றி.

ஆனால் வேறொரு குழப்பம். லாம்டா சொன்னபடி உள்விஷயம் தெரிந்தவர் வாங்கினால் விலை உண்மையை நோக்கிப் போகிறது. அப்படியானால் ஆவணக்காரி அக்கா சொல்லும் சட்டம் சந்தையின் திறனைக் குறைக்கிறதா? விட்டுவிட்டால் விலை சீக்கிரம் சரியாகுமே?

லாம்டா:

1966இல் ஹென்றி மான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இதையேதான் வாதாடினார். வாதம் முட்டாள்தனமானது இல்லை, ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறது.

எட்டு நாளில் சென்ஸில் வரப்போகும் எண்ணை எட்டு நாள் முன்பே விலையில் ஏற்றியதால் நாட்டுக்கு என்ன கிடைத்தது? ஒரு தொழிற்சாலை கூடுதலாகக் கட்டப்படவில்லை, மோசமான ஒரு திட்டம் கைவிடப்படவில்லை. கிடைத்ததெல்லாம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாறிய பணம். ஹர்ஷ்லைஃபர் 1971இல் இதைப் பிரித்துக் காட்டினார்: எப்படியும் வெளிவரப்போவதை முந்தி அறிவதால் தனிமனிதருக்கு லாபம் பெரிது, சமூகத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. யாரும் தேடாவிட்டால் வெளியே வராத உண்மையைத் தோண்டி எடுப்பது வேறு ரகம்.

அந்த வேறு ரகத்தை இன்சைடர் கொன்றுவிடுகிறார். கிராஸ்மன், ஸ்டிக்லிட்ஸ் 1980இல் சொன்னது: விலையில் எல்லாத் தகவலும் முழுக்க இருந்தால், செலவழித்துத் தகவல் தேடியவருக்கு எதுவும் திரும்பாது; பிறகு யாரும் தேடமாட்டார்கள்; தேடாவிட்டால் விலையில் தகவல் எப்படி வரும்? எனவே முழுத்திறன் உள்ள சந்தை என்று ஒன்று நிற்கவே முடியாது. தேடுகிறவரின் செலவை ஈடுகட்டும் அளவுக்கு விலையில் எப்போதும் கொஞ்சம் பிழை மிஞ்சும். பேஹெட் சாலையில் லாரி எண்ண ஆள் வைத்தால் மாதம் 15,000 ரான்ட் ஆகிறது என்று வையுங்கள். அந்தப் பங்கில் மாதம் 15,000க்கு மேல் சம்பாதிக்க வழி இருந்தால்தான் எண்ணுவார்கள். உள்ளே இருப்பவர் இலவசமாக, துல்லியமாக, முன்னால் வாங்கிவிட்டால் எண்ணுகிறவர் கடையைக் கட்டிவிடுவார். பிறகு நிறுவனத்துக்குள் இருப்பவருக்கும் தெரியாத, அல்லது அவரே மறைக்கும் விஷயத்தை யார் கண்டுபிடிப்பது?

ஸ்டைன்ஹாஃபே உதாரணம். 2019இல் வெளியான, பிடபிள்யூசி தணிக்கை நிறுவனத்தின் விசாரணைச் சுருக்கத்தின்படி போலிப் பரிவர்த்தனைகள் 6.5 பில்லியன் யூரோ. உள்ளே இருந்த சிலருக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். விலை எதையும் சொல்லவில்லை. உள்ளாளுக்குத் தகவல் இருந்தால் விலை சரியாகும் என்பது, அவர் அந்தத் தகவலை விலையில் காட்ட விரும்பும்போது மட்டும். ஜெர்மன் மேனேஜர் மகசின் 2017 ஆகஸ்டிலேயே அங்கே விசாரணை நடப்பதை எழுதியது. பங்கு விழுந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. படித்துச் சரிபார்த்துப் பணத்தைப் பந்தயம் வைக்கும் ஆட்கள் அப்போது போதவில்லை.

சட்டம் எழுதிவைத்தால் மட்டும் போதுமா என்பதையும் அளந்திருக்கிறார்கள். பட்டாச்சார்யா, டவுக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் பங்குச்சந்தை உள்ள 103 நாடுகளில் 87இல் இன்சைடர் சட்டம் இருந்தது, ஆனால் வழக்குப் போட்டது 38 மட்டும். சட்டம் வந்ததால் நிறுவனங்களின் மூலதனச் செலவு குறையவில்லை. முதல் வழக்குக்குப் பிறகுதான் குறைந்தது.

எதிர்பாராத ஒரு முடிவையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரியாத கூட்டம் கூடினால் விலை கெட்டுப்போகும் என்று தோன்றும். கைல் கணக்கில் 20,000ஐ 40,000 ஆக்கிப் பாருங்கள். லாம்டா பாதியாகும், தெரிந்தவர் 40,000 பங்கு வாங்குவார், விலை மறுபடி 105க்கே போகும். விலையில் உள்ள தகவல் அதே பாதி. அவர் லாபம் மட்டும் இரட்டிப்பு. அந்த லாபத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் தோண்டக் கிளம்பினால் அப்போது விலை இன்னும் கூர்மையாகும்.

மூன்றாம்_மாடி:

தத்துவம் போதும், அவர் மூன்றாவது கேள்வி அப்படியே கிடக்கிறது.

மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்குவது) போடவே வேண்டாம். 1,220இல் 400 பங்குதான் இருக்கும், அடுத்தது 1,245, அதற்கடுத்தது 1,300. 3,000 பங்கு கேட்டால் மேலே மேலே தின்றுகொண்டு போகும். லிமிட் ஆர்டரை (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைப்பது) நடுவிலையை ஒட்டி, 1,198 அல்லது 1,201இல் போட்டுக் காத்திருங்கள். ஜேஎஸ்இயில் விலை சென்ட்டில். 12 ரான்ட் என்பதற்கு 12 என்று அடித்தால் ஆர்டர் சும்மா கிடக்கும்; விற்கும்போது அப்படி அடித்தால் கிடைக்கிற பிட்டுக்கெல்லாம் விற்றுவிடும், பல புரோக்கர் திரைகள் எச்சரிக்கும், நம்பியிருக்க வேண்டாம்.

அளவு: நாள் சராசரியில் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். 60,000 என்றால் 3,000 முதல் 6,000 பங்கு. தாக்கத்தை முன்கூட்டி மதிப்பிட, கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு நாளின் விலை மாற்றத்தையும் (குறியை விட்டு) அன்றைய ரான்ட் வர்த்தகத்தால் வகுத்துச் சராசரி எடுங்கள். நாளுக்கு 7.2 லட்சம் ரான்ட் கைமாறி, விலை 1.2 சதவீதம் நகர்கிறது என்றால், மில்லியன் ரான்டுக்கு 1.67 சதவீதம். உங்கள் 60,000 ரான்ட் ஆர்டருக்கு 0.1 சதவீதம். இதோடு வாங்கும்போது 0.25 சதவீதப் பங்கு மாற்று வரி, புரோக்கர் கட்டணம்.

மாலை 16:50 முதல் 17:00 வரை நடக்கும் முடிவு ஏலத்தைப் பயன்படுத்துங்கள். எல்லா ஆர்டரும் ஒரே விலையில் மோதும், ஸ்பிரெட் என்ற பேச்சே இல்லை. அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் இன்டெக்ஸ் நிதிகள் போன்ற, உள்விஷயம் எதுவும் இல்லாத ஆர்டர்கள். மிகச் சிறிய பங்கில் எதிர்ப்பக்கம் ஆளே இல்லாமல் போகலாம், அதனால் அங்கேயும் லிமிட் வைத்தே போடுங்கள்.

எண்ணும்எழுத்தும்:

மூன்றாம்_மாடி, லிமிட் ஆர்டரைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் ஏற்றுக்கொள்வேன். லிமிட் ஆர்டர் போட்டவர் தானே கடைக்காரர் ஆகிவிடுகிறார்; லாம்டா சொன்ன சந்தேகம் இப்போது அவருக்கு வர வேண்டும். 1,180இல் வாங்கும் ஆர்டரை "ரத்து செய்யும்வரை" என்று விட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் கெட்ட செய்தி வந்து பங்கு 1,050க்குப் போகும் வழியில் முதலில் நிரம்புவது அந்த ஆர்டர்தான். நல்ல செய்தி வந்தால் நிரம்பவே நிரம்பாது. அதாவது வருத்தப்பட வேண்டிய நேரத்தில் மட்டும் கிடைக்கும்.

எனவே அன்றைக்கு மட்டும் செல்லும் ஆர்டராகப் போடுங்கள். சென்ஸ் வர்த்தக நேரத்திலும் வரும். கணக்கு முடிந்து அறிவிப்பு வராத வாரங்களில், அதாவது இயக்குநர்கள் வாங்க விற்கத் தடையுள்ள மூடிய காலத்தில், திறந்த ஆர்டரை விட்டுவைக்காதீர்கள். நிரம்பிய ஒவ்வொரு ஆர்டருக்கும் மறுநாள் முடிவு நடுவிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது ஆர்டருக்குப் பிறகு, வாங்கிய விலையைவிட மறுநாள் நடுவிலை சராசரியாகக் கீழே இருந்தால் உங்கள் எதிரில் இருப்பவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும். அந்தப் பங்கை விட்டு விலகுவதே மலிவு.

ஆவணக்காரி:

தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சட்டப்படி பார்க்க ஒரு ஜன்னல் உண்டு, யாரும் இங்கே சொல்லவில்லை: இயக்குநர் வர்த்தக அறிவிப்பு. இயக்குநர் மூன்று வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், நிறுவனம் அதன்பின் 24 மணி நேரத்துக்குள் சென்ஸில் போட வேண்டும். நீங்கள் பார்க்கும்போது நாலு நாள் பழசாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் எண்ணாதீர்கள். ஊக்கப் பங்கு கைக்கு வந்து அதில் வரிக்காக ஒரு பகுதி விற்றது, ஒரு டிரஸ்டிலிருந்து இன்னொரு டிரஸ்டுக்கு மாற்றியது, இவை எதையும் சொல்வதில்லை. சந்தையில், சொந்தப் பணத்தில் வாங்கியதை மட்டும் பிரித்தெடுங்கள். அனுமதி பெறப்பட்டது என்ற வரி இருக்கிறதா, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இயக்குநர்கள் வாங்கினார்களா, வாங்கிய தொகை ஆண்டறிக்கையில் உள்ள அவர்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தும்படி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக்கு ஆயிரம் காரணம், வீடு, விவாகரத்து, பிள்ளையின் கல்லூரி. 5, 10, 15 சதவீதம் என்று பங்குகளை எட்டுபவர்களின் அறிவிப்பும் நிறுவனச் சட்டத்தின் 122ஆம் பிரிவுப்படி வரும்.

லாம்டா:

ஒரு கூடுதல் குறிப்பு, இரட்டைப் பட்டியல் பங்குகள் (இரண்டு நாட்டுச் சந்தைகளில் பட்டியலானவை) வைத்திருப்பவர்களுக்கு. ஆங்லோ அமெரிக்கன் போன்றவற்றின் விலை பெருமளவு லண்டனில் உருவாகிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம் நேரம் 9 மணிக்கே திறக்கும், ஜேஎஸ்இயோடு சேர்ந்து. மிச்ச மாதங்களில் 10 மணிக்கு. அந்த ஒரு மணி நேரம் ஜேஎஸ்இயில் ஆஃபர் வைப்பவர் பாதி இருட்டில் வைக்கிறார், ஸ்பிரெட்டும் அகலமாக இருக்கும். அவசரம் இல்லை என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை 10 மணி தாண்டி ஆர்டர் போடுங்கள்.

நிறுவனத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் சந்தையில் இருக்க மட்டும் விரும்பினால், ஜேஎஸ்இயின் பெரிய நாற்பது நிறுவனங்களைத் தொடரும் சாட்ரிக்ஸ் 40 போன்ற இன்டெக்ஸ் நிதியில் இந்தச் சந்தேகக் கட்டணம் மிகக் குறைவு. நாற்பது நிறுவனங்களின் இரகசியமும் ஒருவருக்கே தெரிந்திருக்காது என்பதால், எதிரே இருப்பவர் உங்களைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது பிட், ஆஃபருக்கு நடுவில் நிதியின் அன்றைய சொத்து மதிப்பு விழுகிறதா என்பதுதான். விழாவிட்டால் சந்தை அமைப்பாளர் (பிட், ஆஃபர் வைக்கும் பொறுப்புள்ளவர்) திரையில் இல்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.